முன்சக்கர உதறல்: பழைய ஜீப்பில் கிங்பின் பேரிங் மாற்றியவர்கள் வழி சொல்லுங்கள்

ஏலத்தோட்டத்தான் (சாந்தன்பாறை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வண்டி மகிந்திராவின் பழைய சிஜே3பி ஜீப். அப்பா காலத்தில் வாங்கியது. எஞ்சின் இரண்டு முறை மாறிவிட்டது, முன் அச்சு மட்டும் வந்தது வந்தபடி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் போடியிலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறேன். பூப்பாறை தாண்டி எங்கள் தோட்டத்துக்குப் பிரியும் பாதை வெறும் பாறையும் சேறும்தான். நான்கு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி வீடு சேரும்.

இரண்டு மாதமாக ஒரு தொல்லை. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, 40 கிலோமீட்டர் வேகத்தில் இடது சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் போதும், முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்குகிறது. ஸ்டியரிங் கையை அடிக்கிறது. ஏறக்குறைய நிறுத்தினால்தான் உதறல் அடங்குகிறது. ஒரு பட்டறையில் காட்டினேன். கிங்பின் பேரிங்கில் (சக்கரம் இடதும் வலதும் திரும்பும் இடத்துப் பேரிங்) ஆட்டம் இருக்கிறது, சிம்மை (மெல்லிய தகடு) எடுத்து இறுக்கினால் போதும் என்று இரண்டு பக்கமும் சிம் எடுத்துவிட்டார்கள். உதறல் குறைந்தது உண்மை. ஆனால் இப்போது கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. நானே பிடித்து இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது. போடி மலைப்பாதையில் 17 வளைவு. கீழே வந்து சேர்வதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

பேரிங்கை நானே மாற்ற முடியுமா? எதைப் பார்த்துச் செய்ய வேண்டும்?

பதினேழாம் வளைவு (போடி)

என் வண்டியிலும் இதே உதறல் இருந்தது அண்ணே. ஸ்டியரிங் டேம்பர் (உதறலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்று வாங்கி டை ராடில் (சக்கரத்தைத் திருப்பும் தண்டு) மாட்டினேன், அன்றோடு நின்றுவிட்டது. பேரிங் வரைக்கும் போக வேண்டாம். செலவும் குறைவு.

பழைய பட்டறை (கம்பம்)

பதினேழாம் வளைவு தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். டேம்பர் உதறலை மறைக்கும், தேய்ந்ததைச் சரி செய்யாது. பேரிங் மேலும் தேயும், உனக்குத் தெரியாது. ஒருநாள் டேம்பரின் புஷ் போகும். அன்று உதறல் முழு வேகத்தோடு திரும்பி வரும். டேம்பர் மாட்டி உதறல் நின்ற வண்டி என்றால் அதையும் தூக்கிப் பார்ப்பதுதான் நல்லது.

ஏலத்தோட்டத்தான், உங்களிடம் முதலில் ஒரு சோதனை கேட்கிறேன். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான முட்டுக் கொடுங்கள். பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது ஹப் பேரிங்கின் (சக்கரம் சுற்றும் பேரிங்) ஆட்டம். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் அது கிங்பின். காரணம் எளிது. பிரேக் பிடித்தால் டிரம்மும் பேக் பிளேட்டும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு அசையக்கூடியது, சக்கரத்தைத் தாங்கிக் கிங்பின்னில் திரும்பும் நக்கிள் மட்டும்தான்.

அடுத்து, வண்டி தூக்கியிருக்கும்போதே டை ராடுகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது பள்ளத்தில் உட்காருவது போலக் கை உணர்கிறதா என்று பாருங்கள்.

ஏலத்தோட்டத்தான்

நன்றி ஐயா. இன்று மழை, தோட்ட வேலை நடக்கவில்லை. தம்பியைப் பிரேக் மிதிக்க வைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன்.

இடது பக்கம் ஆட்டம் இல்லை. ஆனால் டை ராடைக் கழற்றித் திருப்பினால் நடுவில் ‘டக்’ என்று உட்காருகிறது. அந்த இடத்தை விட்டு இரண்டு பக்கமும் போகப் போக இறுகுகிறது. வலது பக்கம் பிரேக் பிடித்த பிறகும் மேல்கீழ் ஆட்டம் இருக்கிறது, சிம் எடுத்த பிறகும் கூட. அந்தப் பக்கம் அச்சு முனையில் இருக்கும் உருண்டையைச் சுற்றி எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருக்கிறது. கியர் ஆயில் வாடை.

பழைய பட்டறை (கம்பம்)

நான் எதிர்பார்த்ததும் இதுதான். பட்டறை வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வண்டியில் சக்கரம் திரும்புவது ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிறிய டேப்பர் ரோலர் பேரிங்கின் மேல். மேலே ஒன்று, கீழே ஒன்று. பழைய வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்தே ரோலர் இருக்கும் உள் பாதியான கோன் 11590, அது உட்காரும் வெளி வளையமான கப் 11520. உள் துளை 15.875 மில்லிமீட்டர், வெளி விட்டம் 42.862. கையளவு கூட இல்லை, ஆனால் முன்பக்கப் பாரமும் ஒவ்வொரு குழியின் அடியும் இதன் வழியாகத்தான் போகின்றன.

ஹப் பேரிங் நாள் முழுக்கச் சுற்றுகிறது. கிங்பின் பேரிங் சுற்றுவதில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், அவ்வளவுதான். வண்டி நேராகப் போகும்போது ரோலர்கள் கப்பில் ஒரே இடத்தில் நிற்கின்றன. அடி முழுவதும் அந்த ஒரே இடத்தில் விழுகிறது. பல ஆண்டு அடித்தால் ஒவ்வொரு ரோலருக்கும் அடியில் கப்பில் ஒரு கோடு பள்ளமாக விழும். அம்மிக் கல்லில் தேய்ந்த இடம் போல, நகத்தால் தடவினாலே தெரியும். உங்கள் இடது சக்கரம் நடுவில் ‘டக்’ என்று உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான்.

இப்போது சிம்மை எடுத்தால் என்ன நடக்கும்? மேல் தொப்பியின் அடியில் இருக்கும் தகடுதான் சிம். எடுத்தால் தொப்பி கீழே இறங்கிப் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். ரோலர் பள்ளத்தில் இருக்கும்போது ஆட்டம் இல்லாத அளவுக்கு இறுக்கிவிட்டால், திருப்பும்போது அதே ரோலர் பள்ளத்தை விட்டு மேட்டில் ஏற வேண்டும். அங்கே இறுக்கம் பல மடங்காகும். வளைவில் ஸ்டியரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொள்வது இதனால்தான். நேர் சாலையில் ஓட்டிப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். சமவெளியில் தெரியாது. மலையில் உயிரைக் கேட்கும். பள்ளம் விழுந்த பேரிங்குக்குச் சிம் எடுப்பது வைத்தியம் அல்ல. கப்பையும் கோனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விடுவதும் கூடாது.

வலது பக்கத்து எண்ணெய் வேறு கதை. அச்சுக் குழாயின் முனையில் உள்ளே ஒரு ஆயில் சீல் இருக்கிறது. அது போனால் டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக் கழுவிவிடும். மலைப்பாதையில் வண்டி ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடும். கிரீஸ் போன பேரிங்கில் மழைத் தண்ணீர் உட்காரும். கீழ்ப் பேரிங் முதலில் துருப்பிடிக்கும், ஏனென்றால் தண்ணீர் தேங்குவது அங்கே. பேரிங் மாற்றும்போது அந்தச் சீலையும் மாற்றாவிட்டால் ஆறு மாதத்தில் இதே இடத்துக்கு வருவீர்கள்.

வேலை முறை. சக்கரம், ஹப் தொப்பி, ஃபிளாஞ்ச், லாக் நட், பிறகு டிரம்மோடு ஹப். பேக் பிளேட்டைக் கழற்றியதும் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை தொங்கக் கூடாது. பிறகு ஸ்பிண்டில், அச்சுத் தண்டு. தண்டை இழுக்கும் முன் உள்ளே இருப்பது எந்த வகை ஜாயின்ட் என்று பாருங்கள். பழைய குண்டு வகையாக இருந்தால் வளைத்து இழுத்தால் குண்டுகள் வெளியே விழும். நேராகப் பிடித்து, ஜாயின்டை ஒரு கையால் தாங்கி எடுக்க வேண்டும். அதன்பின் உருண்டையின் பின்னால் உள்ள சீல் வளையம், மேல் தொப்பி, கீழ்த் தொப்பி. சிம்களைப் பக்கம் மாறாமல் தனித்தனிக் கவரில் போடுங்கள்.

புதிய கப்பை அடிக்கப் பழைய கப்பையே வைத்துக்கொள்ளலாம். அதன் வெளிவட்டத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் குறைத்துவிட்டால் உள்ளே சிக்காது. அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், கேட்டால் தெரியும்.

ஜிப்ஸிக்காரன் (குமுளி)

ஐயா, அருமையாகச் சொன்னீர்கள். இறுக்கத்துக்கு நான் ஒரு அளவு சொல்லலாமா? என் மாருதி ஜிப்ஸியில் செய்தபோது சீல் இல்லாமல் தராசு வைத்து இழுத்தால் 1 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் திரும்ப வேண்டும் என்று வைத்தேன். நன்றாக ஓடுகிறது. ஜீப்புக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

பழைய பட்டறை (கம்பம்)

தம்பி, ஜிப்ஸிக்கு நீங்கள் சொன்னது சரி. ஜீப்புக்கு அது பொருந்தாது. இந்த அச்சுக்கு 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5.4 முதல் 7.3 கிலோ. ஜிப்ஸி அளவை ஜீப்பில் வைத்தால் மறுநாளே உதறல் வரும். பேரிங்கின் இந்த இறுக்கம்தான் சக்கரம் சும்மா அலையாமல் பிடித்து வைக்கிறது. அதேபோல ஜீப் அளவை உங்கள் ஜிப்ஸியில் வைத்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஒரு வண்டியின் கணக்கை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில்தான் பலர் தவறுகிறார்கள்.

அளக்கும்போது மூன்று விஷயம் மறக்கக் கூடாது. அந்தப் பக்கத்து டை ராடு கழன்றிருக்க வேண்டும். உருண்டைச் சீல் மாட்டியிருக்கக் கூடாது, ஏனென்றால் சீலின் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தச் சீல் இரண்டு பாதியாகப் பிரிந்திருப்பதால் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம். தராசுக் கொக்கியை டை ராடு மாட்டும் துளையில் போட்டு, நக்கிள் திரும்பத் தொடங்கும் அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏலத்தோட்டத்தான்

எங்களிடம் காய் எடை போடும் தொங்கு தராசு இருக்கிறது, 100 கிலோ வரை. அது போதுமா ஐயா?

பழைய பட்டறை (கம்பம்)

போதாது. நூறு கிலோத் தராசில் ஒரு கோடு தவறினாலே உங்கள் அளவு முழுவதும் போய்விடும். மீன் விற்பவர்கள் வைத்திருக்கும் 10 கிலோத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.

சிம்கள் 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலம் என நான்கு தடிமனில் வரும். நான்கிலும் ஒவ்வொன்றை வைத்துத் தொடங்கி, அளந்து, கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசல் (தேனி)

லேத் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் முன் அச்சுகளில் அடிக்கடி பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். பழைய கப்பை எடுத்ததும் அது உட்காரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்திருந்தால் கப் உள்ளே சுற்றியிருக்கிறது என்று பொருள். புதிய கப்பும் கையாலேயே இறங்கினால் அங்கே பஞ்ச் உளியால் புள்ளி குத்தி மாட்டாதீர்கள். சில மாதத்தில் புள்ளிகள் நசுங்கி மறுபடி ஆடும். வெல்டிங் வைத்தால் உருண்டையே கோணும். அளவெடுத்துக் கடைந்து ஸ்லீவ் (உள் வளையம்) போடுவதுதான் முறை. உருண்டையின் வெளி மேற்பரப்பையும் பாருங்கள். துருக்குழி இருந்தால் அந்த ஓரம் புதுச் சீலை அரம் போலத் தேய்த்துவிடும்.

ஏலத்தோட்டத்தான்

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது.

வேலை முடிந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இடது பக்கத்தை முதலில் பிரித்தேன். ஐயா எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி. மேல் கப்பில் கோடுகோடாகப் பள்ளம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண்ணிவிடலாம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இத்தனை நாளாக இதன் மேல்தான் நாம் மலை இறங்கினோம் என்று சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது.

வலது பக்கம் இன்னும் மோசம். நக்கிளுக்குள் கிரீஸே இல்லை, சாம்பல் நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு. கீழ்ப் பேரிங்கின் ரோலர் இரண்டு துருவில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. கப் உட்காரும் இடத்தைத் துடைத்தேன். நல்ல வேளையாகத் தேயவில்லை, புதியது அடித்துத்தான் இறங்கியது. உருண்டையில் மட்டும் கீழ்ப்பாகத்தில் லேசான துரு. நுண்ணிய எமரித் தாளில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து விரல் தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தேன்.

நான் மாட்டிக்கொண்ட இடம் உள் ஆயில் சீல். பழையதை எடுக்க அரை நாள். ஒரு பக்கத்தைத் தட்டினால் கோணிக்கொண்டது. கடைசியில் நீளக் கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்துச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். புதியதை மாட்டும்போது உதட்டுப் பக்கம் டிஃபரன்ஷியலை நோக்கி இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

அளவு: இடது பக்கம் நான்கு சிம்மோடு மூன்று கிலோவுக்கும் கீழே. 0.003 ஒன்றை எடுத்தேன், நான்கரை வந்தது. 0.003க்குப் பதில் 0.005 ஐ எடுத்துப் பார்த்தேன், ஆறுக்குப் பக்கம். அதிலேயே நிறுத்தினேன். வலது பக்கத்தில் முதலில் 0.005 எடுத்தபோது எட்டைத் தாண்டியது. ஆசைப்பட்டு அப்படியே விடலாமா என்று நினைத்தேன். பிறகு ஐயா சொன்னதை மறுபடி படித்து 0.003 தகடு ஒன்றைச் சேர்த்தேன். ஆறரை. ஒவ்வொரு முறையும் தொப்பியை முழுவதும் இறுக்கி, நக்கிளைப் பல முறை இடதும் வலதுமாகத் திருப்பி ரோலர்கள் உட்கார்ந்த பிறகே அளந்தேன். திருப்பாமல் அளந்தபோது ஒரே சிம்முக்கு இரண்டு வேறு எண் வந்தது. புதிதாகச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேற்று போடிக்கு இறங்கினேன். ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாகத் திரும்பி வருகிறது! ஒவ்வொரு வளைவிலும் கையைத் தளர்த்திப் பார்த்தேன். குழியிலும் உதறல் இல்லை. 50 கிலோமீட்டருக்கு மேல் மட்டும் கையில் லேசான நடுக்கம் இருக்கிறது.

பழைய பட்டறை (கம்பம்)

மிக்க மகிழ்ச்சி. பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள். மீதி நடுக்கத்துக்குப் பெல் கிராங்கைப் பாருங்கள். உங்கள் வண்டியில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் தண்டு நேராகச் சக்கரத்துக்குப் போகவில்லை, நடுவில் பெல் கிராங்குக்கு வந்து அங்கிருந்து இரண்டு டை ராடாகப் பிரிகிறது. ஒருவரை ஸ்டியரிங்கை இடதும் வலதும் சற்றே அசைக்கச் சொல்லி, நீங்கள் அடியில் படுத்துப் பாருங்கள். பெல் கிராங்கின் பின் மேலும் கீழும் தூக்கினால் புஷ் போயிருக்கிறது. அதுவும் சரி என்றால் டோ இன் (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். டை ராடு கழற்றி மாட்டியதால் மாறியிருக்கும்.

மழைக்காடு (நெடுங்கண்டம்)

நக்கிளுக்குள் கிரீஸா எண்ணெயா? எங்கள் பக்கம் கியர் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு.

பழைய பட்டறை (கம்பம்)

கிரீஸ். பேரிங்கை உள்ளங்கையில் வைத்து நன்றாக அடைத்து மாட்டிவிட்டு, ஜாயின்டைச் சுற்றியும் வைக்க வேண்டும். எண்ணெய் ஊற்றினால் இந்தச் சீல் தாங்காது.

கடைசல் (தேனி)

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு ஐயா. மிகக் கெட்டியான கிரீஸ் ஜாயின்டுக்குள் திரும்பி ஓடாது, ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடும். இளகிய கிரீஸ் போடுவது நல்லது என்பது என் அனுபவம். பேரிங்குக்கு மட்டும் கெட்டிக் கிரீஸ்.

பழைய பட்டறை (கம்பம்)

ஒப்புக்கொள்கிறேன். மழைக்காடு, உங்கள் ஊர் மழைக்கு இன்னொன்றும் சொல்கிறேன். நனைந்து வந்து வண்டியை நிறுத்தியதும் ஸ்டியரிங்கை முழுவதும் இடதும் வலதும் இரண்டு முறை திருப்பிவிடுங்கள். உருண்டையில் ஒட்டிய தண்ணீரையும் சேற்றையும் சீல் துடைத்துவிடும். ஒரு நிமிட வேலை.

தார் பிரியன் (பெரியகுளம்)

2010க்குப் பிறகு வந்த மகிந்திரா தார் சிஆர்டிஇ வண்டிக்கும் இது பொருந்துமா?

ஜிப்ஸிக்காரன் (குமுளி)

பொருந்தாது. அதில் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு, பால் ஜாயின்டுகளின் மேல் திரும்புகிறது. இந்தப் பேரிங்கே கிடையாது.

விடியற்காலை வண்டி (தேவாரம்)

நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். காலை ஐந்து மணிக்கெல்லாம் தேவாரத்தில் புறப்பட்டு போடிமெட்டு வழியாக உடும்பன்சோலைப் பக்கம் போகிறேன். பெரும்பாலும் பெண்கள், எல்லாரும் எனக்கு அக்கா, மதினி முறை. இந்த இழையை நேற்று இரவு முழுவதும் படித்தேன். இன்று மதியம் தோட்டத்திலேயே வண்டியைத் தூக்கி, ஐயா சொன்னபடி பிரேக் பிடிக்கச் சொல்லி ஆட்டிப் பார்த்தேன். வலது சக்கரம் ஆடுகிறது. என் வண்டியும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்தான். திரும்பும்போது ஆட்களை ஏற்ற மனம் வரவில்லை. வேறு வண்டி சொல்லி அனுப்பிவிட்டு வெறும் வண்டியாக மெதுவாக இறங்கி வந்தேன். ஒரு நாள் வாடகை போனால் எனக்குக் கடினம்தான், ஆனாலும் இதைச் சரிசெய்யாமல் ஏற்ற மாட்டேன். கப்பும் கோனும் வாங்கிவிடுவேன். தராசு வைத்து இறுக்கம் பார்ப்பதுதான் எனக்குப் புரியவில்லை. யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல முடியுமா?

பழைய பட்டறை (கம்பம்)

தம்பி, நாளைக் காலையில் வண்டியை மெதுவாகக் கம்பத்துக்குக் கொண்டுவா. என் வீட்டு வாசலில் சமதரை இருக்கிறது. கப், கோன் இரண்டு பக்கத்துக்கும், உள் ஆயில் சீல் இரண்டு, உருண்டைச் சீல் இரண்டு ஜோடி, சிம் இரண்டு செட் வாங்கிக்கொள். பழையது எதையும் தூக்கிப் போடாதே. தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

ஏலத்தோட்டத்தான்

நானும் வருகிறேன் ஐயா. தராசும், கம்பியில் வளைத்த சீல் கொக்கியும் கொண்டு வருகிறேன். அரை நாள் மிச்சமாகும்.